ஸாக்கார்: நினைவுகூரும் கடவுள்



நவம்பர் பிறந்ததும் எமது சேமக்காலைகளில் ஆளரவம் கேட்கத் தொடங்கும். புல் செருக்கி, சிலுவைகளுக்கு வெள்ளை பூசி, மெழுகுதிரி ஏற்றி, மரித்தோரின் பெயர்களைத் தாளொன்றில் எழுதிப் பங்குத்தந்தையிடம் கொடுப்பது எம்மவரின் வழக்கம். அத்தாளை நீட்டும்போது பெரும்பாலானோர் சொல்வது ஒரே வசனந்தான்: "பூசையிலை நினைச்சுக்கொள்ளுங்கோ, சுவாமி." இவ்வாறு கேட்பவர், தம் தந்தையின் முகத்தைக் குருவானவர் மனக்கண்முன் ஒரு கணம் கொண்டுவர வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. பல வேளைகளில் குருவானவர் அந்த மனிதரைக் கண்டிருக்கவே மாட்டார். அவர் கேட்பது ஒரு செயலை. அந்தப் பெயரைப் பலிபீடத்திற்கு எடுத்துச் சென்று, அந்த ஆன்மாவுக்காக இறைவனிடம் பரிந்து பேசும்படி கேட்கிறார். 'நினைத்தல்' என்னும் சொல்லை இவ்வளவு கனத்தோடு வழங்கும் எமது மக்கள், தாம் அறியாமலேயே விவிலியத்தின் எபிரேயச் சொல் ஒன்றின் அருகில் வந்து நிற்கின்றனர். அச்சொல் 'ஸாக்கார்'.

அகராதியைத் திறந்தால் 'நினை, நினைவுகூர்' என்ற இரண்டு சொற்களோடு இதன் பொருள் முடிந்துவிடும். குருமடத்தில் எபிரேயம் கற்கும் மாணவர் அதை மனனஞ்செய்துவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவர். ஆனால் பழைய ஏற்பாட்டில் இவ்வினைச்சொல் அதன் பல்வேறு வடிவங்களில் 200 தடவைகளுக்கு மேல் வருகிறது. அவ்விடங்களை ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பவருக்கே அதன் ஆழம் புலப்படும். (அதே மூன்று மெய்யெழுத்துக்களால் 'ஆண்' என்று பொருள்படும் சொல்லும் எழுதப்படுகிறது. இரண்டுக்கும் உறவுண்டா என்ற ஆராய்ச்சியை மொழியியலாளரிடம் விட்டுவிடுவோம்.) தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இதற்கு 'நினைவுகூர்' என்ற சொல்லைத் தெரிந்துகொண்டது நல்லதொரு தெரிவு. கூர்தல் என்றால் மிகுதல். தொல்காப்பியத்தின் உரியியலும், உள்ளதொன்று மேலும் சிறப்பதையே 'கூர்ப்பு' என்ற சொல் குறிக்கும் என்கிறது. அன்புகூர்தல் என்கிறோமே, அதே கூர்தல்தான். எனினும் நினைவு எவ்வளவு கூர்ந்தாலும் அது உள்ளத்துக்குள்ளேயே நின்றுவிடக்கூடும். ஸாக்கார் அவ்வாறு உள்ளே நிற்பதில்லை. அது கையையும் காலையும் நாவையும் அசைக்கின்ற வினை.

கடவுள் மறந்திருந்தாரா?

கடவுளை எழுவாயாகக் கொண்டு இச்சொல் முதன்முதலில் வருவது வெள்ளப்பெருக்கின் வரலாற்றில். நூற்றைம்பது நாட்கள் நீர் மண்ணுலகை மூடி நின்றது என்று ஏழாம் அதிகாரம் முடிகிறது. எட்டாம் அதிகாரத்தின் முதல் வசனம், கடவுள் நோவாவை நினைவுகூர்ந்தார் என்று தொடங்குகிறது. மறைக்கல்வி வகுப்பில் துடுக்கான சிறுவன் ஒருவன் இங்கே கையுயர்த்தினால் நாம் வியப்படைய வேண்டியதில்லை. அப்படியானால் அதுவரை கடவுள் நோவாவை மறந்திருந்தாரா?

வசனத்தை இறுதிவரை வாசிப்போம். கடவுள் நோவாவையும் அவரோடு பேழையில் இருந்த விலங்குகளையும் கால்நடைகளையும் நினைவுகூர்ந்தார். உடனே காற்று வீசியது, வெள்ளம் தணியத் தொடங்கியது. நினைவும் செயலும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. இந்த வரலாற்றை எழுதியவர் நாட்களை அடுக்கியுள்ள முறையையும் கவனியுங்கள். ஏழு, ஏழு, நாற்பது, நூற்றைம்பது என்று ஏறிச் செல்லும் எண்ணிக்கை, பின்னர் நூற்றைம்பது, நாற்பது, ஏழு, ஏழு என்று இறங்கி வருகிறது. ஏற்றமும் இறக்கமும் சந்திக்கும் உச்சியில் இருப்பது அந்த ஒரு வசனமே. முழுக் கதையும் அந்த ஒரு வினைச்சொல்லில் திரும்புகிறது.

இதே முறையைத் தொடர்ந்தும் காணலாம். கடவுள் ஆபிரகாமை நினைவுகூர்கிறார், சோதோமின் அழிவிலிருந்து வெளியேற்றப்படுபவர் லோத்து (தொ.நூ. 19:29). ராகேலை நினைவுகூர்கிறார், அவர் கருவுறுகிறார் (தொ.நூ. 30:22). சீலோவில் கண்ணீர் விட்ட அன்னாவை நினைவுகூர்கிறார், சாமுவேல் பிறக்கிறார் (1 சாமு. 1:19-20). எகிப்தில் அடிமைகளின் பெருமூச்சைக் கேட்டு, மூதாதையரோடு தாம் செய்த உடன்படிக்கையை நினைவுகூர்கிறார், அடுத்த அதிகாரத்தில் முட்புதர் எரிகிறது (வி.ப. 2:24, 3:2). பிரெவார்ட் சைல்ட்ஸ் என்ற அமெரிக்க விவிலிய அறிஞர் இஸ்ரயேலரின் நினைவைப் பற்றி 1962இல் ஒரு சிறு நூல் எழுதினார். கடவுள் நினைவுகூர்கிறார் என்றால், தாம் முன்னர் கொடுத்த வாக்கின் பொருட்டு ஒருவரை நோக்கி அவர் செயற்படத் தொடங்குகிறார் என்பதே பொருள் என்று அவர் அதில் விளக்கினார். மறதிக்குப் பின் வரும் ஞாபகத்தைப் பற்றிய பேச்சே இங்கு இல்லை.

திருமுழுக்கு யோவானின் குடும்பத்தில் இச்சொல் பெயராகவே குடியிருக்கிறது. செக்கரியா என்றால் 'ஆண்டவர் நினைவுகூர்ந்தார்' என்று பொருள். எலிசபெத்து என்னும் பெயரில் கடவுளின் ஆணையும் யோவான் என்னும் பெயரில் அவரது அருளும் ஒலிக்கின்றன. நாக்குக் கட்டவிழ்ந்த செக்கரியா பாடிய பாடலின் நடுப்பகுதியை (லூக். 1:72-73) எடுத்து வாசித்துப் பாருங்கள். இரக்கம், நினைவுகூர்தல், ஆணை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. அந்த முதியவர் தம் வீட்டாரின் பெயர்களையே செபமாக்கிவிட்டார் போலும்!

அரசனிடம் எடுத்துச் சொல்பவன்

மனிதர் மனிதரை நினைவுகூரும் இடங்களுள் மிகக் கூர்மையானது யோசேப்பின் சிறைக் கதை. பார்வோனின் மதுபரிமாறுவோர் தலைவன் கண்ட கனவுக்குப் பொருள் சொன்ன யோசேப்பு, அதற்குக் கூலியாக ஒன்றைத்தான் கேட்கிறார். உமக்கு நலம் வாய்க்கும்போது என்னை நினைவில் வைத்துக்கொள்ளும், என்னைப் பற்றிப் பார்வோனிடம் சொல்லும் என்பதே அவரது வேண்டுகோள். எபிரேயத்தில் இந்த இரண்டு வேண்டுகோள்களுக்கும் ஒரே வேர்ச்சொல்தான். முதலாவது 'ஸாக்கார்' என்னும் எளிய வடிவம். இரண்டாவது அதன் பிறவினை வடிவம், 'நினைவூட்டு, பெயரை எடுத்துச் சொல்' என்று பொருள்படுவது. உள்ளத்தில் வைத்திருப்பதும் அதிகாரத்தின் முன்னே வாய்திறப்பதும் எபிரேயனுக்கு ஒரே வேரில் முளைத்த கிளைகள். அந்த அதிகாரி யோசேப்பை நினைவுகூரவில்லை, மறந்துவிட்டான் என்று அதிகாரம் முடிகிறது (தொ.நூ. 40:14, 23). அந்த மறதியின் விலை, குற்றமற்ற ஒருவனின் வாழ்வில் மேலும் இரண்டு ஆண்டுகள்.

இதே பிறவினை வடிவத்திலிருந்து ஓர் உத்தியோகப் பெயரும் உருவாயிற்று. தாவீதின் அரசவையில் யோசபாத்து என்பவர் 'மஸ்கீர்' ஆக இருந்தார் (2 சாமு. 8:16). எமது மொழிபெயர்ப்புகள் பதிவாளர் என்கின்றன, நேர்ப்பொருள் நினைவூட்டுபவர். இப்போது எசாயா 62ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். எருசலேமின் மதில்கள்மேல் காவலரை நிறுத்தும் இறைவாக்கினர் அவர்களை 'ஆண்டவருக்கு நினைவூட்டுவோர்' என்று அழைக்கிறார், அதே சொல்லின் பன்மையால். அவர்களுக்கு அவர் இடும் கட்டளை துணிச்சலானது. நீங்களும் ஓய்ந்திருக்க வேண்டாம், எருசலேமை நிலைநாட்டும்வரை அவரையும் ஓய்ந்திருக்க விடவேண்டாம்! இறைவனின் அவையிலேயே மஸ்கீர் பதவி வகிக்கும் உரிமையை இறைவாக்கினர் சாதாரண மக்களுக்கு வழங்குகிறார்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வடக்குக் கிழக்கின் பல இடங்களிலும் வீதியோரங்களில் பிள்ளைகளின் புகைப்படங்களோடு அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரை இவ்விடத்தில் எண்ணாமல் இருக்க முடியவில்லை. அவர்களுள் பலர் விடை கிடைக்காமலே கண்மூடிவிட்டனர். இன்னும் எவ்வளவு காலத்துக்கு இதையே நினைத்துக்கொண்டிருப்பது என்று அவர்களிடம் கேட்போர் உளர். எசாயாவின் மதில்மேல் நின்றோரிடமும் யாரேனும் இதைக் கேட்டிருக்கக்கூடும்.

ஒரே அதிகாரத்தில் நினைவும் நினையாமையும்

எரேமியாவின் 31ஆம் அதிகாரத்தை, முடியுமானால், இன்றைய குடும்ப செபத்தின்போது முழுமையாக வாசியுங்கள். இராமாவில் ஓர் அழுகுரல் கேட்கிறது. ராகேல் தம் பிள்ளைகளுக்காக அழுகிறார். அவர்கள் இல்லாது போனதால் ஆறுதல் பெற மறுக்கிறார் (31:15). கடவுள் நினைவுகூர்ந்ததால் தாயான அதே ராகேல்தான். கி.மு. 722இல் அசீரியரிடம் வீழ்ந்த வடநாட்டின் மக்கள், அவருடைய மகன் யோசேப்பின் வழிவந்த எப்ராயிமின் பெயரால் இங்கே அழைக்கப்படுகின்றனர். அவர்கள் சிதறி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கடந்த பின்னர் எரேமியா பேசுகிறார். உலகம் அவர்களை மறந்துவிட்டது. ஆனால் 20ஆம் வசனத்தில் கடவுள் எப்ராயிமைத் தம் அருமை மகன் என்கிறார். அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இன்னும் அவனை நினைவுகூர்கிறேன் என்கிறார். எபிரேய மூலத்தில் இங்கே வினைச்சொல் இரட்டித்து வருகிறது: 'ஸாக்கோர் எஸ்கெரென்னூ'. நினைந்து நினைந்து உருகுவது போன்ற அழுத்தம் அதில் உண்டு. தொடர்ந்து, அவனுக்காகத் தம் உள்ளம் துடிப்பதாகவும் அவனுக்கு இரக்கம் காட்டப்போவதாகவும் கடவுளே சொல்கிறார். ஆறுதலை மறுத்த அந்தத் தாயிடம் அழுகையை நிறுத்து என்று வெறுமனே சொல்லிவிட்டு அவர் போய்விடவில்லை. பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று சொல்கிறார்.

அதே அதிகாரத்தில், பதினான்கு வசனங்கள் கடந்ததும், அதே கடவுள் மக்களின் பாவங்களை இனிமேல் நினைவுகூரமாட்டேன் என்கிறார் (31:34). எல்லாம் அறிந்தவர் எவ்வாறு ஒன்றை நினையாதிருக்க முடியும்? ஸாக்கார் என்றால் நினைவை முன்னிட்டுச் செயற்படுதல் என்று கண்டோம். எனவே நினைவுகூராமை என்பது அந்தக் குற்றத்தை முன்னிட்டுச் செயற்படாமை. நடந்தது நடக்கவில்லை என்று அவர் பாசாங்கு செய்வதில்லை. அதன் கணக்கை நம்மீது தீர்ப்பதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒப்புரவு அருட்சாதனத்துக்கு வருவோரிடம் குருக்கள் அடிக்கடி கேட்கும் வேதனை இது: "மன்னிச்சிட்டன் சுவாமி, ஆனால் மறக்க முடியேல்லை." அதனாலேயே தம் மன்னிப்புப் பொய்யானது என்று எண்ணிப் பல ஆண்டுகள் குற்றவுணர்வோடு வாழ்வோர் உளர். காணி வழக்கில் பிரிந்த சகோதரர்கள், கணவனால் அடிபட்ட மனைவியர், போரில் பிள்ளையை இழந்தவர்கள், 2019இல் உயிர்த்த ஞாயிறு திருப்பலிக்குச் சென்று உறவுகளைப் பறிகொடுத்தவர்கள் இவர்களுள் அடங்குவர். அன்பானவர்களே, மறதி உங்களிடம் கேட்கப்படவில்லை. அது மூளையின் தொழில். விசுவாசத்தின் கட்டளை அன்று. பழிவாங்கும் கை ஓங்கும்போது அதை இறக்கிக்கொண்டால் நீங்கள் எரேமியாவின் பொருளில் 'நினைவுகூரவில்லை'. அதே வேளை, மன்னிப்பின் பெயரால் பிறருடைய வாயை அடைப்பதற்கு இந்த வசனத்தை எவரும் எடுத்துப் பயன்படுத்த முடியாது. உண்மையைச் சொல்லும்படியும் நீதி வழங்கும்படியும் கேட்பது ராகேலின் உரிமை. அவருடைய அழுகையைக் கடவுள் கண்டிக்கவே இல்லை.

நினைவு நஞ்சாகவும் கூடும் என்பதை விவிலியம் மறைப்பதில்லை. இணைச் சட்டத்தில் அடுத்தடுத்த இரண்டு அதிகாரங்களில் இரண்டு கட்டளைகள் உள்ளன. 24ஆம் அதிகாரத்தில், அறுவடையின்போது ஓர் அரிக்கட்டை வயலில் மறந்து விட்டுவந்தால் அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது அந்நியருக்கும் அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது என்று மோசே பணிக்கிறார். காரணம், நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவுகூர வேண்டும். எத்துணை அழகு! அரிக்கட்டை மறக்கலாம், எகிப்தை மறக்கக்கூடாது. பழைய காயம் இன்னொரு ஏழையின் பாத்திரத்தில் சோறாக விழுகிறது. 25ஆம் அதிகாரத்தின் இறுதியில் அதே வினைச்சொல், களைத்துப் பின்தங்கியோரைத் தாக்கிய அமலேக்கை நினைவுகூர்ந்து அவன் பெயரையே துடைத்தழிக்கும்படி கட்டளையிடுகிறது. ஒரே துன்பப் பயணம், இருவகை நினைவு. இரண்டாவதை வாசிக்கையில் திருச்சபைத் தந்தையர் தயங்கியிருக்கின்றனர். ஒரிகன் அமலேக்கைத் தீய சக்திகளின் அடையாளமாகக் கொண்டு, அந்தப் போரை ஆன்மாவுக்குள் நிகழ்வதாக விளக்கினார். அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணமும். எந்த இனத்தவரையும் எந்த மதத்தவரையும் அமலேக்கு என்று பெயரிட்டு இப்பகுதியைத் தூக்கிப்பிடிக்கும் போதகர், கிறிஸ்துவின் பெயரால் பேசவில்லை.

பலிபீடத்தில்

ஸாக்காரின் பெயர்ச்சொல் 'ஸிக்காரோன்'. பாஸ்கா இரவு உங்களுக்கு ஸிக்காரோனாக, அதாவது நினைவு நாளாக இருக்கும் என்கிறது விடுதலைப் பயணம் (12:14). அடுத்த அதிகாரத்தில், பாஸ்காவின் காரணத்தைத் தந்தை மகனுக்கு விளக்க வேண்டிய முறையும் தரப்படுகிறது. நான் எகிப்திலிருந்து வந்தபோது ஆண்டவர் எனக்குச் செய்ததன் பொருட்டு என்று தன்மை ஒருமையில் அவன் கூற வேண்டும் (13:8). பல நூற்றாண்டுகளுக்குப் பின் பிறந்தவனும் 'எனக்கு' என்றே சொல்கிறான். நினைவுகூர்பவன் அந்த நிகழ்வுக்குள் நுழைந்துவிடுகிறான்.

இந்தப் பாஸ்காச் சூழலில்தான் இயேசு அப்பத்தை எடுத்து, தம் நினைவாக இதைச் செய்யும்படி சீடரைப் பணித்தார். லூக்காவும் பவுலும் கையாளும் கிரேக்கச் சொல் 'அனம்னேசிஸ்'. எண்ணிக்கை நூலின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் இச்சொல் வருகிறது. திருவிழாப் பலிகளின்மேல் எக்காளம் ஊதும்போது அது கடவுள்முன் உங்களுக்கு ஸிக்காரோனாக இருக்கும் என்ற வசனத்தில் (10:10) அதைக் காணலாம். ஆகவே, திருப்பலி கல்வாரியை எமக்கு ஞாபகப்படுத்தும் படம் மட்டுமன்று, கடவுளின் திருமுன் எடுத்துச் சொல்லப்படும் நினைவு. விவிலியப் பொருளில் நினைவு என்பது கடந்தகால நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்பதோடு நின்றுவிடுவதில்லை என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் (எண் 1363) கற்பிக்கிறது.

பவுல் இதை எங்கே எழுதினார் என்பதையும் மறவாதீர்கள். கொரிந்தில் ஆண்டவரின் விருந்துக்குக் கூடியபோது, வசதி உள்ளோர் முந்திக்கொண்டு உண்டனர். ஏழைகள் பசியோடு இருந்தனர். இது ஆண்டவரின் திருவிருந்தே அன்று என்று கடிந்துகொண்டே அவர் அந்த இறுதி இராவுணவின் நிகழ்ச்சியைச் சொல்லத் தொடங்குகிறார் (1 கொரி. 11:20-25). பக்கத்தில் இருப்பவரின் பசியை மறந்தவரால் ஆண்டவரை நினைவுகூர முடியாது என்பதே அவருடைய வாதம். கலாத்தியருக்கு எழுதும்போதும், எருசலேமின் தூண்களாகிய திருத்தூதர்கள் ஏழைகளை நினைவில் கொள்ளும்படி தம்மிடம் கேட்டுக்கொண்டதாகக் கூறுகிறார் (2:10). அந்த நினைவு வெறும் அனுதாபமாக நிற்கவில்லை. மக்கதோனியாவிலும் அக்காயாவிலும் திரட்டப்பட்ட காணிக்கையாகக் கடல் கடந்து எருசலேமுக்குப் போயிற்று.

மரித்தோருக்காக நாம் செய்வதும் இந்த வழியிலேயே வந்தது. பழைய இஸ்ரயேலருக்குச் சாவு பெரும் அச்சமாக இருந்ததற்குக் காரணங்களுள் ஒன்று, கல்லறையில் கிடப்போரைக் கடவுள் நினைவுகூர்வதில்லை என்ற எண்ணம். 88ஆம் திருப்பாடல் அந்த இருளிலிருந்தே கதறுகிறது. ஆனால் மக்கபேயர் காலத்தில் விடிவெள்ளி தோன்றிவிட்டது. போரில் வீழ்ந்தவர்களுக்காக யூதா தம் வீரரிடம் 2000 வெள்ளி நாணயங்கள் வரை திரட்டி, பாவம் போக்கும் பலி ஒப்புக்கொடுக்கும்படி எருசலேமுக்கு அனுப்பினார், உயிர்த்தெழுதலை மனத்திற்கொண்டே அதைச் செய்தார் (2 மக். 12:43-45). முதலாம் நற்கருணை மன்றாட்டில் வாழ்வோருக்காக ஒரு முறையும் மரித்தோருக்காக ஒரு முறையும், நினைவுகூர்ந்தருளும் என்று குருவானவர் ஆண்டவரிடம் வேண்டுகிறார். அங்கே பெயர்களுக்காக ஒரு சிறு இடைவெளி விடப்பட்டிருக்கிறது. நீங்கள் கொண்டுவந்த தாளில் உள்ள பெயர்களும், எழுதுவதற்கு யாருமற்றுப் போன பெயர்களும் அங்கே வைக்கப்படுகின்றன.

இன்னும் ஓர் இடம் மீந்திருக்கிறது. யோசேப்பின் சிறையில் கைதிகள் இருவர் உடனிருந்தனர். ஒருவன் உயர்த்தப்பட்டான், மற்றவன் தூக்கிலிடப்பட்டான். கல்வாரியிலும் இயேசுவோடு குற்றவாளிகள் இருவர். இங்கே விண்ணப்பம் திசைமாறுகிறது. அன்று குற்றமற்ற யோசேப்பு, விடுதலையாகிப் போகவிருந்தவனிடம் தன்னை நினைவுகூரும்படி கேட்டார். இன்று குற்றவாளி, தன்னோடு செத்துக்கொண்டிருக்கும் குற்றமற்றவரிடம், ஆட்சியுரிமையோடு வரும்போது தன்னை நினைவுகூரும்படி கேட்கிறான் (லூக். 23:42). அவனுக்காகப் பேச அவ்விடத்தில் வேறொருவரும் இல்லை. அவனுடைய பெயரைக்கூட லூக்கா எழுதவில்லை. நினைவுகூர்வேன் என்று இயேசு அவனுக்கு மறுமொழி சொல்லவுமில்லை. பார்வோனின் அதிகாரி எடுத்துக்கொண்ட அந்த இரண்டு ஆண்டுகளும் அவருக்குத் தேவைப்படவில்லை, இன்றே என்றார்.